மொய் நோட்டும் ஆவணம்தான்

"இதெல்லாம் யாருக்கும்மா வேணும்?" பழைய தாள்களைத் தேடிப் போகும் வீடுகளில் எல்லாம் முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்டுக்கொண்டே அலமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கிவிடுவார்கள். வேண்டாத பொருளாக இருந்திருந்தால் அந்த டின் மூன்று வீடு மாறிய பிறகும் கூடவே வந்திருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். தமிழ்க் குடும்பங்களிடம் இருக்கும் கடிதம், புகைப்படம், அழைப்பிதழ், சம்பள அட்டை, ஒலிநாடா இவற்றைச் சேகரித்து, பட்டியலிட்டு, பிறர் பார்க்கும்படி வைப்பது என் பொறுப்பு. படிக்கும் காலத்தில் பகுதிநேரமாகச் சேர்ந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருந்தால், எங்களைப் போன்றவர்கள் வருவதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஆவணமே இல்லை என்று சிலர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. 1819இல் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளையையும் 1827இல் எழும்பிய மாரியம்மன் கோயிலையும் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். தேசிய ஆவணக் காப்பகம் 1979இலிருந்து வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறது. அதில் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்தளத்தில் தேதி வாரியாகப் புரட்டலாம். பொன்விழா ஆண்டான 2015இல், சுதந்திரத்துக்குப் பின் இங்கே வந்த தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவாயின. அதே ஆண்டில் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும் திறந்தது.

ஆனால் இவற்றில் பெரும்பாலும் யார் இருக்கிறார்கள்? மேடையில் இருந்தவர்கள், சங்கத் தலைவர்கள், எழுதியவர்கள். ஆண்டு மலர்களைத் திறந்தால் கோட்டு போட்ட ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த விழாவுக்கு விடிய விடியச் சமைத்தவர்கள் படத்தில் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நகராட்சியில் சாலை கூட்டியவர், ரயில்வே லயத்தில் பத்துப் பேருக்குச் சோறு வடித்துக் கணக்கு வைத்த அம்மா, இவர்கள் வீட்டுத் தாள்கள் யாரிடமும் போய்ச் சேரவில்லை. பிள்ளைகள் புது வீட்டுக்குக் குடிபோகும்போது காராங்குனிக்காரரிடம் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடும்.

இதில் பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பழைய கதையைச் சொல்வேன். 1950களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயலுக்கு இடம் அமைந்தபோது, அங்கே தமிழ் நூலகம் ஒன்று வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். சாதாரண மக்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்த காசு அது. கல்லூரி வாசலையே மிதிக்காதவர்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையும் ஒரு பல்கலைக்கழக அலமாரியில் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

சரி, டின்னுக்குள் வருவோம்.

நான் பார்த்தவற்றில் மிகவும் செறிவான ஆவணம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஒரு மொய் நோட்டு. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் இராமபாணம் அரித்திருந்தது. அந்த வீட்டு அம்மா அதைக் கொடுக்க முதலில் சம்மதிக்கவே இல்லை. "யாரு எவ்வளவு வச்சாங்கன்னு ஊருக்குக் காட்டுறதா?" என்றார். நியாயம்தான். தொகையை மறைத்துவிட்டுத்தான் வெளியே காட்டுவோம் என்று எழுதிக் கொடுத்த பிறகே நோட்டு கைக்கு வந்தது.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, 'லாபம்' என்று ஒரு வரி. அதன் கீழே பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் அடையாளம்: 'மூணாவது லயம்', 'வாட்ச்மேன்', 'தண்ணிக்குழாய் வீடு', 'புதுக்கோட்டையார்', 'பால்காரர் மருமகன்'. நடுநடுவே 'சீனத் தவுக்கே, சாமான் கடை', 'பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்'. தவுக்கே என்றால் முதலாளி, மக்சிக் என்றால் அம்மா வயதுப் பெண்மணி. கடைசியில் வேறு ஒரு கையெழுத்தில், பணம் வைக்காமல் அரிசியும் சேவலும் கொடுத்தவர்கள் பட்டியல். ஒரே ஒரு கல்யாணம்தான். ஆனால் அந்த இடத்தில் யார் யார் குடியிருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாரோடு பழகினார்கள் என்பது முழுக்க அதற்குள் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதெல்லாம் வராது.

ஆனால் நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அதில் பாதிகூடப் புரிந்திருக்காது. 'தண்ணிக்குழாய் வீடு' என்றால் என்ன? அந்த அம்மாதான் சொன்னார். லயத்துக்குப் பொதுவாக ஒரு குழாய். அதற்கு எதிரே இருந்த வீட்டுக்காரர் வரிசையைப் பார்த்துக்கொள்வார். அதனால் அந்தப் பெயர். சேவல் கொடுத்தவர் யார் என்று கேட்டால், அவர் வீட்டுப் பிரசவங்களை எல்லாம் பார்த்தது இந்த அம்மாவின் மாமியார் என்று தெரிந்தது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு பேச்சு இருந்தது. அதைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்து, எந்த வரிக்கு எந்தப் பேச்சு என்று எண் போட்டு நோட்டோடு சேர்த்து வைத்தோம். இந்த வேலையில் நான் அசைக்க முடியாமல் நம்புவது இதைத்தான்: தாளும் அதை அறிந்தவரின் பேச்சும் சேர்ந்தே ஓர் ஆவணம். தாள் இன்னும் ஐம்பது ஆண்டுகள்கூடத் தாங்கும். பேச்சுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அதனால் எதை முதலில் செய்வது என்ற குழப்பம் வந்தால், ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள்.

உட்கார்ந்து என்ன கேட்பது என்பதிலும் கொஞ்சம் பக்குவம் வேண்டும். புகைப்படத்தை நீட்டி "இது யாரு?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. தோ பாயோவில் ஒரு வீட்டில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் எடுத்த கூட்டப் படம் ஒன்றைக் காட்டினேன். "எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க பாப்பா, யாருன்னு சொல்றது" என்று அந்தப் பாட்டி படத்தைத் திருப்பித் தந்துவிட்டார். படத்தை ஐபேடில் பெரிதாக்கினேன். வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட நிலையில் ஒரு தகர வாளி, ஒரு கொடி, கொடியில் ஒரு சட்டை. "இது எந்த இடம் பாட்டி, இங்கேயா துணி காயப் போடுவீங்க?" என்றேன். அவ்வளவுதான். அந்தக் கொடி யாருடையது, அதற்காக யார் யாரோடு சண்டை போட்டார்கள், சட்டைக்காரன் எந்தக் கப்பலில் வேலைக்குப் போனான் என்று பேச்சு ஓட ஆரம்பித்தது. அந்தச் சண்டையைச் சொல்லும்போதே, "இந்தா நிக்கிறா பாரு, இவதான்" என்று விரல் படத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

முகத்தைக் கேட்காதீர்கள், இடத்தைக் கேளுங்கள். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், பசியாற எங்கே போவீர்கள், கடன் எந்தக் கடையில், சாமி எங்கே இருந்தது. சாமியைக் கேட்டால் நிறைய வரும். குவீன்ஸ்டவுனில் இன்று பெரிதாக நிற்கும் முனீஸ்வரன் கோயில், ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்ட சிறு மேடையாகத் தொடங்கியது. ஈசூனில் இருக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலின் கதை செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடும்பங்களிடம் போய் நிற்கும். 'அந்தப் பங்குனி உத்திரத்துக்கு நீங்க எங்கே இருந்து நடந்து போனீங்க?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், வழியில் இருந்த வீடெல்லாம் வந்துவிடும்.

பெயர்கள் வரத் தொடங்கியதும் படத்தின் மேலேயோ பின்னாலேயோ பேனாவால் எழுதிவிடாதீர்கள். பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் புடைத்துத் தெரியும், மை ஊறும். நாங்கள் செய்வது எளிது: படத்தின் நகலை அச்சடித்து, மேலே மெல்லிய தாளை வைத்து ஆட்களின் உருவக்கோட்டை வரைந்து, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண். எண்ணுக்கு நேரே பெயர், உறவு, ஊர், சொன்னவர் யார், சொன்ன தேதி. சொன்னவர் பெயரை விட்டுவிடவே கூடாது.

தேதி இல்லாத தாள்கள்தான் பலருக்கும் தலைவலி. எனக்கு அது பிடித்த வேலை. ஒரு கல்யாண அழைப்பிதழை எடுத்துக்கொள்வோம். 'நிகழும் குரோதி வருஷம் தை மாதம் 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை' என்று இருந்தது, ஆங்கிலத் தேதி இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். அண்மையில் வந்த குரோதி 2024-25. அதற்கு முந்தியது 1964-65. அதற்கும் முந்தியது 1904-05. தாளைப் பார்த்தாலே முதலாவதும் கடைசியும் இல்லை என்று தெரியும், ஆனால் சான்று வேண்டுமே. முகவரியைப் பார்த்தேன். 'சிங்கப்பூர் 8, மலேசியா' என்று இருந்தது. சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்திருந்தது 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரைதான். 1965இல் தை 25 எந்தக் கிழமை என்று பார்த்தால் பிப்ரவரி 7, ஞாயிறு. சந்தேகமே இல்லை.

அந்த '8' என்பதும் பெரிய உதவி. சிராங்கூன் ரோடு, தேக்கா வட்டாரத்தின் பழைய அஞ்சல் வட்டார எண் அது. வட்டார எண் மட்டும் இருந்தால் தாள் பெரும்பாலும் 1950களுக்கும் 1970களுக்கும் நடுவில் வந்தது. நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1979க்குப் பிறகு, ஆறு இலக்கம் என்றால் 1995க்குப் பிறகு. வீட்டுத் தொலைபேசி எண் எட்டு இலக்கமாக இருந்தால் 2002க்குப் பிறகு. சம்பள அட்டையில் சிங்கப்பூர் ஹார்பர் போர்டு என்று இருந்தால் 1964க்கு முன், அதற்குப் பிறகுதான் பிஎஸ்ஏ என்ற துறைமுக ஆணையம். 'லை', 'னை' என்ற எழுத்துகள் மேலே கொம்பு வளைந்த பழைய வடிவில் இருந்தால் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சில அச்சகங்கள் பழைய எழுத்துகளையே வெகுநாள் வைத்திருந்தன. அதனால் அதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. கப்பல் சீட்டில் ரஜுலா என்று இருந்தால் 1973 அல்லது அதற்கு முந்திய பயணம். எம்.வி. சிதம்பரம் என்றால் 1970களின் தொடக்கத்துக்குப் பிறகு, 1985இல் அந்தக் கப்பல் தீப்பிடித்ததற்கு முன்பு. இப்படி இரண்டு மூன்று சான்றுகள் ஒரே இடத்தைக் காட்டும்போது ஆண்டை எழுதுங்கள். ஊகித்து எழுதியது என்றால் பக்கத்தில் 'ஏறத்தாழ' என்று போட மறக்க வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி நிறைய விளக்கம் கிடைக்கிறது, அதனால் நம் வீடுகளில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். இங்கே காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். தாளுக்கும் படத்துக்கும் 50க்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் டிரை கேபினட், அதாவது உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி, சிறியதாக ஒன்று இருந்தால் ஒரு குடும்பத்தின் முக்கியத் தாள்கள் அதில் அடங்கிவிடும். அது இல்லாவிட்டால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் போட்ட இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, குளியலறைச் சுவரை ஒட்டாத அலமாரி. சாமி அறை அலமாரியும் வேண்டாம், எண்ணெய்ப் புகை படியும். பாச்சை உருண்டையை எடுத்துவிடுங்கள், அது படத்துக்கும் ஆகாது, திறக்கும் ஆளுக்கும் ஆகாது. ரப்பர் பேண்டு, குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

லேமினேட் செய்யாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, தாத்தாவின் பாஸ்போர்ட் பக்கம் என்று பாசத்தோடு லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் எடுக்க வழியில்லை. கிழிசலை ஒட்ட செலோடேப்பும் கூடாது. கிழிந்த துண்டுகளை ஓர் உறையில் ஒன்றாகப் போட்டு வையுங்கள், அதுவே போதும்.

எண்பதுகளில் எல்லார் வீட்டிலும் இருந்த ஆல்பம் நினைவிருக்கும்: ஒட்டும் அட்டை, மேலே பிளாஸ்டிக் தாள். அந்தப் பசை இப்போது மஞ்சளாகிப் படத்தைத் தின்றுகொண்டிருக்கும். படத்தைப் பிய்ப்பதற்கு முன், பக்கத்தை அப்படியே ஒருமுறை படமெடுங்கள். எந்தப் படத்துக்கு அடுத்து எது என்பதும் ஒரு செய்திதான். பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு மெதுவாக அறுப்பதுபோல் இழுத்தால் பல படங்கள் வந்துவிடும். வராததை விட்டுவிடுங்கள். பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம். படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கையெழுத்துத் தாள்களுக்கு 300 போதும். நெகட்டிவ் சுருளில் காடி வாசனை அடித்தால் அது கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஒலிநாடாக்கள் இதைவிட அவசரம். நாடா நன்றாக இருந்தாலும் அதைப் போட்டுக் கேட்கும் கருவி கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிக்கொண்டே வருகிறது.

அடுக்கியிருந்த வரிசையையும் கலைக்காதீர்கள். ஒரு வீட்டில் நீல நிற வான்கடிதங்கள் ஒவ்வொன்றோடும் ஒரு மணியார்டர் ரசீது மடித்து வைத்திருந்தது. கடிதத்தில் ஊரிலிருந்து கேட்ட தொகை, ரசீதில் இங்கிருந்து அனுப்பிய தொகை. இரண்டும் ஒன்றாக இருந்த கடிதங்கள் மிகக் குறைவு. கேட்டது எப்போதும் கூடுதல், போனது எப்போதும் குறைவு. நல்ல எண்ணத்தோடு யாராவது கடிதங்களை ஒரு பக்கமும் ரசீதுகளை இன்னொரு பக்கமும் பிரித்து அடுக்கியிருந்தால், ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கப் பட்ட அந்த இழுபறி நம் கண்ணுக்கே பட்டிருக்காது.

கடிதம் என்று வந்ததும் நம்பிக்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். பல வீடுகளில் கதவு அரைகுறையாகத்தான் திறக்கும். காரணம் கேட்டால், முன்பு யாரோ கண்காட்சிக்கு என்று படங்களை வாங்கிப் போனார்கள், திரும்பி வரவில்லை என்பார்கள். ஒரு குடும்பத்தில் அப்பாவின் ஒரே கல்யாணப் படம் அப்படிப் போயிருக்கிறது. வாங்கியவர்கள் ரசீதுகூடக் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. அடுத்து வருகிறவர் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் என் முதல் வேலை, மூலத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்வது. உங்கள் வீட்டு மேசையிலேயே ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டு, தாளை உங்களிடமே விட்டுவிட்டுப் போகவும் முடியும். பொருளை எடுத்துப் போவதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எண், படம், ரசீது. எந்த நிறுவனமாக இருந்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் கொடுக்காதீர்கள்.

கொடுக்கும்போது யார் பார்க்கலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். எல்லாருக்கும் இணையத்தில், நூலக அறையில் வந்து கேட்பவருக்கு மட்டும், குறிப்பிட்ட ஆண்டு வரை யாருக்கும் இல்லை என்று மூன்று நிலை வைத்திருக்கிறோம். ஒரே டின்னுக்குள் மூன்று நிலையும் இருக்கலாம். அடையாள அட்டை எண்களை மறைக்காமல் எதையும் வெளியிடக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இலிருந்தே இருக்கிறது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: உங்களுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது, அதில் உள்ள எழுத்தின் காப்புரிமை எழுதியவருடையது. ஊரில் இருக்கும் அவர் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது சட்டத்துக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

உடன்பிறந்தவர்கள் எல்லாரிடமும் கேளுங்கள் என்றும் நான் வற்புறுத்துவதுண்டு. அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். இரண்டு மாதம் கழித்து, "எங்கம்மா கடுதாசிய எங்களைக் கேக்காம எப்படிக் குடுத்தீங்க?" என்று தங்கை கேட்பார். கடன், சண்டை, சாதி, வீட்டை எதிர்த்துச் செய்துகொண்ட கல்யாணம் எல்லாம் கடிதங்களில் இருக்கும். சாதிப் பட்டத்தை அழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அழிக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். நம் தாத்தாக்கள் கடல் தாண்டியும் எதையெல்லாம் தூக்கி வந்தார்கள் என்பது நாளைக்கு ஆராய்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் உயிரோடு இருப்பவரைப் புண்படுத்தும் கடிதம் இப்போதைக்குப் பூட்டியே இருக்கட்டும்.

பட்டியலிடுவதில் எங்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது பெயர்களைப் பற்றித்தான். நூலகப் படிவங்களில் குடும்பப் பெயருக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரைக் கொண்டுபோய் அங்கே போட்டால், மகனைத் தேடுகிறவருக்கு அப்பா கிடைப்பார். போதாததற்கு அந்தக் கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஒரே ஆள் சம்பள அட்டையில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம். நாங்கள் கடைசியில் எடுத்த முடிவு: தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே முதன்மையாகப் போடுவது, கிடைத்த ஆங்கில வடிவங்கள் அத்தனையையும் திருத்தாமல் கீழே சேர்ப்பது, அழைத்த பெயர் இருந்தால் அதையும் சேர்ப்பது. 'திருமதி' போட்டுக் கணவர் பெயரை மட்டும் எழுதியிருந்த பழைய குறிப்புகளில், அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரைத் தேடிப் பிடித்துச் சேர்க்காமல் பதிவை முடிக்கக் கூடாது என்பது நான் கேட்டு வாங்கிய விதி. சில நேரம் அந்த ஒரு பெயருக்காக நான்கு வீடு ஏற வேண்டியிருக்கும், ஏறுகிறோம். உங்கள் வீட்டுப் படங்களுக்குக் குறிப்பு எழுதும்போது 'அத்தை', 'சின்னம்மா' என்று விட்டுவிடாமல் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். உங்கள் பேரனுக்கு எந்த அத்தை என்று தெரியாது.

பேச்சைப் பதிவு செய்ய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைப்பேசியே போதும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள், கைப்பேசியை மேசையில் ஒரு துண்டு மேல் வையுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், அதையும் தடுக்க வேண்டாம். தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலந்த அந்தப் பேச்சே இந்த ஊரின் பேச்சு. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் நிறுத்திவிட்டால் தூண்டித் தூண்டிக் கேட்காதீர்கள். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத அண்ணனைப் பற்றி ஒருவர் அரை வாக்கியத்தோடு நிறுத்தினார். பதிவில் அந்த அரை வாக்கியம் அப்படியேதான் இருக்கிறது.

இனி, திருப்பித் தருவது. வாங்கி வைத்துப் பூட்டினால் வீட்டு டின்னுக்கும் பல்கலைக்கழக அலமாரிக்கும் என்ன வித்தியாசம்? ஆரம்பத்தில் குடும்பங்களுக்குப் பென்டிரைவில் நகல் கொடுத்து வந்தோம். மேசை இழுப்பறைக்குள் போனதோடு சரி, யாரும் திறக்கவில்லை. இப்போது பெரிய எழுத்தில் பெயர்கள் போட்டு அச்சிட்ட ஆல்பமாகக் கொடுக்கிறோம். அது தீபாவளிக்கு வீடு வீடாகப் போகிறது, ஜோகூருக்குப் போகிறது, ஊருக்கும் போகிறது. வகுப்பில் மாணவர்கள் ஆளுக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு விவரக் குறிப்பு எழுதுகிறார்கள். எழுதிய பிறகு அந்தக் குடும்பத்திடமே போய் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குகிறார்கள். தமிழ் சரளமாக வராத பிள்ளைகள்கூடத் தாத்தாவின் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டுவதைப் பார்க்கிறேன். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் படங்களை வைத்து ஒரு நாள் பார்வைக்குத் திறந்துவிட்டால், கடைக்குப் போகிற வழியில் நின்று பார்ப்பவர்களிடமிருந்து வரும் பெயர்களும் திருத்தங்களும் நாங்களாகத் தேடினால் ஓர் ஆண்டுக்கும் கிடைக்காது.

திருத்தம் வந்தால் பழைய குறிப்பை அழிப்பதில்லை. புதிதாகச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் என்று கீழே சேர்த்துவிடுகிறோம். செம்பவாங் படம் ஒன்றில் மத்தளத்தோடு நிற்பவரை ஒரு குடும்பம் தங்கள் பெரியப்பா என்கிறது. இன்னொரு குடும்பம் அவர் தங்கள் தாத்தாவின் தம்பி என்று சொல்லி, அதே ஆள் அதே சட்டையோடு இருக்கும் வேறு ஒரு படத்தைக் கொண்டுவந்திருக்கிறது. இரண்டு பெயரும் பதிவில் இருக்கின்றன. அந்த மத்தளம் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். ஈசூனில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.